கடைசிப் பந்தி

ஆகஸ்ட் 1, செவ்வாய்

இன்று வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் இல்லை, விசேஷம் இல்லை, பந்த் இல்லை; ஆனாலும் போகவில்லை. திருச்சி தில்லை நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினான்கு வருடமாகக் காலை ஏழு மணிக்கு ஊசியைக் கையில் எடுக்கிறேன். இன்று ஏழு அடித்ததும் விரல்கள் தாமாகவே எதையோ தேடின. அடுப்படிக்குப் போய்க் கொத்தமல்லி ஆய்ந்து கொடுத்தேன்.

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். ஏப்ரலில் ஒரு மாத இதழில் என் சிறுகதை வந்தது. ரத்தம் கொடுக்க வந்து, ஊசியைப் பார்த்ததும் நழுவி ஓடிவிடும் ஒரு போலீஸ்காரரைப் பற்றியது. அதைப் படித்துவிட்டுச் சென்னையிலிருந்து திலீபன் என்பவர் பேசினார். மாலை ஆறரைக்கு வரும் ஒரு தொலைக்காட்சித் தொடரின் கதைக்குழு அவர் பொறுப்பில் இருக்கிறது. வசனம் எழுதியவர் விலகிவிட்டாராம். மூன்று மாதம் வீட்டிலிருந்தே எழுதிப் பாருங்கள், இருவருக்கும் சரிப்பட்டால் மேலே பேசுவோம் என்றார்.

எங்கள் நிலையத்தை நடத்தும் பாத்திமா மேடத்திடம் சம்பளமில்லா விடுப்பைத் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிரித்தார். நவம்பர் ஒன்றாம் தேதி வரை உன் நாற்காலியில் யாரையும் நிரந்தரமாக உட்கார வைக்க மாட்டேன் என்றார். என் கணவர் பாலகுரு மின்வாரியத்தில் இருக்கிறார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "ஆசப்பட்டத ஒரு தடவ செஞ்சு பாத்துரு வசு," என்று மட்டும் சொன்னார். முப்பத்தேழு வயதில் எத்தனை பெண்களுக்கு இது கிடைக்கும்? கிடைத்திருக்கிறது. அதை மறக்கக் கூடாது என்றுதான் இந்த நோட்டைத் தொடங்கினேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

இரண்டு காட்சி எழுதினேன். இரண்டும் திரும்பி வந்தன.

ஆகஸ்ட் 10, வியாழன்

வேலை இப்படித்தான் நடக்கிறது. காலை பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் காட்சிகளின் பட்டியல் வரும். யார் யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது என்று இரண்டிரண்டு வரி. மாலை நான்கு மணிக்குள் பேச்சு முழுவதையும் எழுதி அனுப்ப வேண்டும். மறுநாள் காலை அதை நடிகர்கள் பேசிவிடுவார்கள். தள்ளிப்போட முடியாது, மனசு சரியில்லை என்று சொல்ல முடியாது. முன்பெல்லாம் ஒரு கதைக்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டவள், இப்போது நாளுக்கு ஆறு காட்சி எழுதுகிறேன். திலீபன் பொறுமையாகச் சொல்லித் தருகிறார். "நல்லா இருக்கு மேடம், ஆனா இதப் பேச ஒரு நிமிஷம் ஆகும், நமக்கு இருக்கறது இருவது செகண்டு" என்பார். வெட்டுவேன். வெட்டிய பிறகு பார்த்தால் நிஜமாகவே நன்றாக இருக்கும்.

நான் எழுதும் அறையில் மின்விசிறி சத்தம் போடும். இன்று போடவில்லை. கேட்டதற்கு, "நேத்து எலக்ட்ரீசியன வரச் சொன்னேன்" என்றார் வல்லி அண்ணி.

வல்லி அண்ணி என் கணவரின் அக்கா. முழுப்பெயர் சௌந்தரவல்லி. ஐம்பத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அண்ணி வீட்டிலேயே சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிறார். நான் எழுதத் தொடங்கியதிலிருந்து தையல் மிஷினைக் கூடத்திலிருந்து பின்பக்க வராந்தாவுக்கு நகர்த்தியிருக்கிறார். அங்கே காற்று வருகிறதாம்.

ஆகஸ்ட் 19, சனி

டைட்டிலில் என் பெயர் வந்தது. 'வசனம்: வசுமதி பாலகுரு.' ஒரு வினாடி இருந்திருக்கும். என் கணவர் அலைபேசியில் படமெடுக்கப் பார்த்து, பெயர் போன பிறகு வந்த ஊறுகாய் விளம்பரத்தை எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அண்ணி எதிர்வீடு, பக்கத்து வீடு, ஃபால்ஸ் கொடுக்க வருகிறவர்கள் என்று எல்லோரிடமும் முன்பே சொல்லிவைத்திருக்கிறார். ஏழு மணிக்குப் பாத்திமா மேடமும் பேசினார்.

இதையே செய்துகொண்டு வாழ முடியுமா? இன்று முதல் முறையாக, முடியும் என்று தோன்றியது.

செப்டம்பர் 2, சனி

காலையில் இட்லி, மதியத்துக்குச் சின்ன வெங்காய சாம்பார். உரிக்க உட்கார்ந்தபோது அண்ணி தன் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். நின்றுபோன கல்யாணம். நான் இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருடமாகிறது. இதுவரை அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை. நேற்றுத் தொடரில் வந்த ஒரு நலங்குக் காட்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம், அதிலிருந்து அவராகவே ஆரம்பித்தார்.

1998, ஆவணி மாதம், உறையூரில் ஒரு மண்டபம். முதல் நாள் நலங்கில் காலுக்கு மஞ்சள் பூசும்போது, அண்ணியின் கணுக்காலுக்கு மேலே இருந்த வெள்ளைத் தழும்பை மாப்பிள்ளையின் அத்தை பார்த்துவிட்டார். எட்டணா அளவுதான். ஆறாவது படிக்கும்போதே வந்து, அத்தோடு நின்றுவிட்டது. வெண்குஷ்டம் என்று பயந்த மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு வேனில் ஏறிப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை அறையில் ஒரு சீப்பு மட்டும் கிடந்ததாம்.

முகூர்த்தத்துக்கு வந்தவர்கள் முந்நூறு பேர். அண்ணியின் அப்பா, என் மாமனார், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். சமையல்காரர் வந்து, சோறு வடித்தாயிற்று, என்ன செய்யட்டும் என்று யாரைக் கேட்பது என்று தெரியாமல் மணப்பெண்ணையே கேட்டிருக்கிறார். பந்தியைப் போடுங்கள் என்று அண்ணி சொன்னார். கல்யாணப் பட்டு கட்டியபடியே வாளியை எடுத்து அவரே பரிமாறினார். வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

அப்போது சென்னையிலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமைக் காட்சியில் ஒரு மாற்றம். எழுந்து போய்ப் பேசிவிட்டு உட்கார்ந்து எழுதினேன். நான்கு மணிக்குள் அனுப்பிவிட்டேன். சாம்பார் நன்றாக இருந்தது.

செப்டம்பர் 13, புதன்

தொடரில் தாமரை என்று ஒரு பாத்திரம். கதாநாயகியின் நாத்தனார். அவள் கல்யாணம் நின்றுபோகும் வாரம் இது. திலீபன் சொன்னார்: கல்யாணம் நிற்பது ஆயிரம் முறை வந்துவிட்டது, மயங்கி விழுவது, மாலையை அறுப்பது, விஷம் குடிப்பது எதுவும் வேண்டாம், புதிதாக ஒன்று வேண்டும். நாளை மதியத்துக்குள்.

காலையிலிருந்து எழுதியதெல்லாம் பழசு. தலை வலிக்கிறது.

செப்டம்பர் 14, வியாழன்

விடிந்ததும் ஒரு காட்சி தோன்றியது. எங்கிருந்தோ வந்தது. ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டேன். திலீபன் படித்துவிட்டு உடனே பேசினார்.  தாமரை முந்நூறு பேருக்கும் பரிமாறுகிறாள், கடைசி இலையில் பாயசம் ஊற்றும்போது அவள் கண்ணீர் இலையில் விழுகிறது. அங்கே முடிகிறது. "இந்த மாதிரி ஒண்ணு நான் கேட்டதே இல்ல மேடம்," என்றார்.

இந்தத் திறமையைக் கொடுத்ததற்குக் கடவுளுக்கு நன்றி. அண்ணி காபி கொண்டுவந்து வைத்தார். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். வழக்கமானதுதான் என்றேன்.

செப்டம்பர் 20, புதன்

ஒளிபரப்பானது. மூன்று நிமிடம் முழுக்கப் பரிமாறும் காட்சி. அந்த நடிகை பிரமாதமாகச் செய்திருந்தார். என் கணவர் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. அண்ணியும் நானும்தான் பார்த்தோம். முடிந்ததும் அண்ணி எழுந்து போய் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசி களைந்தார்.

திலீபனுக்கு ஒளிபரப்பு முடிந்ததிலிருந்து பாராட்டாம்.

செப்டம்பர் 24, ஞாயிறு

நல்ல வெயில். வடகத்துக்கு மாவு கிண்டினோம். அண்ணி கிண்டினார், நான் பிழிந்தேன். அண்ணிக்குப் பேச்சுக் குறைந்திருக்கிறது. வெயில் அவருக்கு ஆகாது. இந்த வாரம் ஆறரை மணிக்கெல்லாம் கோயிலுக்குப் போய்விடுகிறார். பிரதோஷம், அது இது என்று ஏதோ இருக்கும்.

திலீபன் இன்று பெரிய செய்தி சொன்னார். ஜனவரியில் ஒரு புதிய தொடர் தொடங்குகிறது. முழுக்க என் வசனம். இரண்டு வருட ஒப்பந்தம். ஆனால் சென்னைக்கு வந்துவிட வேண்டும், வேறு வேலையில் இருக்கக் கூடாது. அக்டோபர் பதினைந்துக்குள் சொல்ல வேண்டும். இதற்காகத்தானே பள்ளிக்கூட நாளிலிருந்து எழுதினேன்? அண்ணியிடம் சொன்னேன். "நல்லது" என்றார். வடகத்துணியின் மூலைகளுக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 28, வியாழன்

இன்று மீலாது நபி விடுமுறை. என் கணவர் பழைய பகுதிகளை அலைபேசியில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பகுதி வந்தது. பார்த்து முடித்து அலைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"இது அக்கா கதைதான?"

ஆமாம் என்றேன். அந்தக் காட்சி அண்ணியுடையது என்று இந்த நோட்டில்கூட நான் இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எதையாவது எதிர்த்துச் சொல்லியிருப்பேன். அன்று தனக்குப் பத்தொன்பது வயது என்றார். வேன் போய்விட்டது என்று தெரிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் போய் மதியம் வரை உட்கார்ந்திருந்தாராம். உள்ளே என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. அக்கா பரிமாறியது ஊர்க்காரர்கள் சொல்லித்தான் தெரியும்.

"இருவத்தஞ்சு வருசம் ஆச்சு. எங்கிட்டகூட அக்கா அதப் பத்தி வாயத் தொறந்ததில்ல. ஒங்கிட்ட சொல்லிருக்கு," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கடைக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

செப்டம்பர் 29, வெள்ளி

ஆறு காட்சியில் நான்குதான் எழுத முடிந்தது.

அக்டோபர் 1, ஞாயிறு

இதைத் தவறில்லாமல் எழுதிவிட வேண்டும்.

காலையில் அண்ணி பின்வராந்தாவில் ஒரு பட்டுச்சேலைக்கு ஃபால்ஸ் வைத்துக்கொண்டிருந்தார். போய்த் தரையில் உட்கார்ந்தேன். உங்களைக் கேட்காமல் எழுதியது தப்பு என்றேன். காட்சி தானாகத் தோன்றியது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், அதுவும் பொய் என்றேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

அண்ணி மிஷினை நிறுத்தினார். ஊசியில் இருந்த நூலை அறுத்து, சேலையை மடித்து ஓரமாக வைத்தார்.

"எழுதுனது எனக்குக் கஷ்டமா இல்ல வசு. ஊருக்கே தெரிஞ்ச விஷயந்தான. அந்தப் பொண்ணு நல்லாத்தான் நடிச்சுது. ஆனா கடைசில அழுவுறா. நான் அழுவல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

"அன்னிக்கு நீ போன எடுக்கப் போயிட்ட. நான் பாதிலதான் நின்னேன். வந்து மிச்சத்தக் கேப்பன்னு நெனச்சேன்."

இதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு மாதம் அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு அவர் காத்திருந்திருக்கிறார். நான் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் கண்ணீரை ஊற்றி நிரப்பிவிட்டேன்.

மிச்சத்தைச் சொல்லுங்கள் அண்ணி என்றேன். அலைபேசி அறையிலேயே இருந்தது. அது இரண்டு முறை அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.

அவர் சொன்னது இது. மூன்று பந்தி முடியும்போது மணி பன்னிரண்டு. வாளி தூக்கித் தூக்கி வலது தோள் வலித்தது. மண்டபத்தில் யாருமில்லை; சமையல்காரர்கள் மட்டும் இருந்தார்கள். அப்போதுதான் தனக்கு எவ்வளவு பசிக்கிறது என்று தெரிந்திருக்கிறது. முதல் நாள் மாலையிலிருந்து, மணப்பெண் என்று யாரும் சரியாகச் சாப்பிட விடவில்லை. தானே ஒரு இலையை விரித்து உட்கார்ந்தார். சமையல்காரர் பரிமாறினார். அவரும் அவர் ஆட்களும் எதிர்வரிசையில் உட்கார்ந்தார்கள். அதுதான் கடைசிப் பந்தி.

"வத்தக்கொழம்பு அப்பிடி இருந்துச்சு. ரெண்டு தடவ வாங்கிச் சாப்புட்டேன். சாப்பிடச் சாப்பிட ஒண்ணு புரிஞ்சுது. ஒரு எட்டணாத் தழும்புக்குப் பயந்து ஓடுற ஆளோட நான் ஆயுசுக்கும் ஒக்காந்து சாப்புட வேண்டியிருந்துச்சு. அது இல்லன்னு ஆயிப்போச்சு. எனக்கு நிம்மதியா இருந்துச்சு வசு. அத யாருட்டயும் சொல்ல முடியல. எல்லாரும் நான் அழணும்னு நெனச்சாங்க. அப்பா நெனச்சாரு, ஊரு நெனச்சுது. அழலன்னா மனசு கல்லுன்னாங்க. அதான் அப்புறம் அந்தப் பேச்சையே விட்டுட்டேன்."

பிறகு காலை நீட்டிச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் தூக்கிக் காட்டினார். ஒரே வீட்டில் பதினோரு வருடமாக இருந்தும் அந்தத் தழும்பை நான் இன்றுதான் பார்த்தேன். நிஜமாகவே சின்னது.

அக்டோபர் 3, செவ்வாய்

திலீபனிடம் கேட்டேன். தாமரை சாப்பிடுவது போல ஒரு காட்சி இனிமேல் வைக்க முடியுமா என்று. முழுக்கதையையும், யாருடையது என்று சொல்லாமல், சொன்னேன்.  அவர் முடியாது என்றார். ஆறரை மணிக்குப் பார்க்கிறவர்கள் தாமரையோடு சேர்ந்து அழுதுவிட்டார்கள், இனி அவள் நிம்மதியாக இருந்தாள் என்றால் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்கள்.

"அது ஒங்க கதை மேடம். அத எங்களுக்குக் குடுக்காதீங்க. நீங்களே எழுதுங்க," என்றார்.

அவர் மேல் எனக்கு மரியாதைதான் கூடியது.

அக்டோபர் 8, ஞாயிறு

சென்னையா, திருச்சியா? நானும் என் கணவரும் காவிரிப் பாலத்தில் நடந்தோம். நீ போனால் நான் மாறுதல் கேட்டு வருகிறேன் என்றார். அண்ணி இங்கே தனியாக இருந்துகொள்வாராம். அதையும் பேசி வைத்திருக்கிறார்கள் அக்காவும் தம்பியும். எனக்காக இரண்டு பேர் வீட்டையே கலைக்கத் தயாராக இருக்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 14, சனி

திலீபனிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அந்த வேலை மட்டமானது என்பதால் இல்லை. மூன்று மாதத்தில் என் கையைப் பழக்கியது அந்த வேலைதான். தினமும் உட்கார்ந்தால் தினமும் வரும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். நறுக்கென்று எழுத வந்தது அங்கேதான். ஆனால் நான்கு மணிக்குள் முடிக்க வேண்டும் என்றால் நான் போனை எடுக்கப் போய்விடுகிற ஆள். அது எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாராவது இரண்டையும் செய்வார்கள். எனக்கு ஒருவர் சொல்வதைக் கடைசி வரைக்கும் கேட்க நேரம் வேண்டும். அந்த நேரத்தை வாங்கித் தர லேப் வேலை இருக்கிறது.

எழுத்தே தொழில் என்று ஆகாவிட்டால் நான் எழுத்தாளர் இல்லையா என்று இரண்டு நாள் குமைந்தேன். இன்று மத்தியானம் அந்தக் கேள்வி போய்விட்டது. எப்படிப் போனது என்று தெரியவில்லை. அண்ணி சொன்ன கதையின் முதல் பத்தியை எழுதிக்கொண்டிருந்தேன்.

திலீபன் வருத்தப்பட்டார். கதை வெளிவந்தால் ஒரு பிரதி அனுப்பச் சொல்லி வீட்டு முகவரியைக் கொடுத்தார்.

நவம்பர் 1, புதன்

ஏழு மணிக்கு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் வந்தவர் ஒரு வயதான அம்மா. கையில் நரம்பே கிடைக்காது, எல்லோரும் நாலு இடத்தில் குத்துவார்கள் என்று பயந்தார். முதல் முறையிலேயே கிடைத்துவிட்டது. வலிக்கவே இல்லை என்று அவர் என் கன்னத்தைத் தொட்டார். பாத்திமா மேடம் டீ வாங்கிக் கொடுத்தார். இனி எட்டு மணிக்கு வந்தால் போதும், காலையில் ஒரு மணி நேரம் எழுதிவிட்டு வா என்றார். நான் கேட்கவே இல்லை.

நவம்பர் 13, திங்கள்

தீபாவளி மறுநாள். பலகாரம் தீரவில்லை. கதையை மூன்றாவது முறையாக எழுதுகிறேன்.

நவம்பர் 26, ஞாயிறு

கதையை முடித்துவிட்டேன். பன்னிரண்டு பக்கம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குப் பிடிக்காவிட்டால் கிழித்துவிடுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். என் கணவரும் அப்போதுதான் வந்து வாசலோரம் நின்றார். உட்காரவில்லை, நின்றே கேட்டார்.

இரண்டு இடத்தில் அண்ணி திருத்தினார். மண்டபத்தில் நீல நிறத் திரை இல்லை, பச்சை. சமையல்காரர் ஒல்லி இல்லை, நல்ல பருமன். குறித்துக்கொண்டேன். கடைசிப் பந்தி வந்தபோது என் கணவர் முகத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிக்கொண்டார். இரண்டாவது முறை வத்தக்குழம்பு வாங்கும் இடத்தில் அண்ணி தனக்குள் சிரித்தார்.

படித்து முடித்தேன். 

"செண்பகம்னு வச்சிருக்கியே, அது யாரு?" என்றார் அண்ணி.

பெயரை மாற்றியிருக்கிறேன், யாருக்கும் நீங்கள் என்று தெரியாது என்றேன்.

"அதெல்லாம் வேணாம். என் பேரையே போடு."

சொந்தக்காரர்கள் படிப்பார்கள், அந்த மாப்பிள்ளை வீட்டாரே படித்தாலும் படிப்பார்கள் என்றேன்.

"படிக்கட்டும். கல்யாணப் பத்திரிகைல என் பேரு அச்சுல வந்துச்சு. அதுக்கப்புறம் எங்கயும் வரல. இதுல வரட்டும்."

மேசைக்குப் போய்ப் பேனாவை எடுத்தேன். செண்பகம் என்று இருந்த ஒவ்வொரு இடத்தையும் அடித்து, மேலே முழுப்பெயரை எழுதினேன். சுருக்காமல், நாற்பத்தொரு முறை. சௌந்தரவல்லி.